கறுப்புக் கிட்டாருக்கு நான் போட்ட கம்பி

அன்புத் தங்கைக்கு,

ஆண்டவர் காவலில் நீ சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையோடு அக்கா எழுதுவது.

நலம் விசாரிப்பதற்கு முன்னால், அன்று பிரார்த்தனைக்கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன். நாளைக்கு வேறு யாராவது உனக்கு வேறு மாதிரிச் சொன்னால் இதை வைத்துச் சரிபார்த்துக்கொள். முன்வரிசையில் தலைவர், அதாவது நம் மருந்துக்கடைப் பெரியவர். பக்கத்தில் அவர் வீட்டம்மா. தூணோரம் தையல்கார அக்கா, வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு. இரண்டாவது வரிசை ஓரத்தில் சீப்பின் மனைவி. அவளுக்குப் பின்னால் நான். என் வலப்பக்கம் பெரியவள், இடப்பக்கம் சின்னவள். கதவோரம் உன் அத்தான், கையில் வண்டிச் சாவியை ஆட்டிக்கொண்டு. மேடையில் கீபோர்டு வாசிக்கும் வங்கிக்காரர், பாடுகிற பெண்கள், நடுவில் கறுப்புக் கிட்டாரோடு சீப்பு. ஆண்டுவிழாக் கூட்டம் என்பதால் பின்னால் நின்றவர்களும் உண்டு. அவர்கள் பார்த்ததை நான் கணக்கில் சேர்க்கவில்லை. எட்டிப் பார்த்தவர்கள் சாட்சி ஆக மாட்டார்கள்.

எப்போதும் தலை வாரிக்கொண்டிருந்தவனுக்குச் சீப்பு என்று நீ வைத்த பெயர் இன்னும் நம் வீட்டில் அப்படியே இருக்கிறது. சட்டைப் பையில் அந்தச் சீப்பும் இருக்கிறது. வாருவதற்குத்தான் முடி குறைந்துவிட்டது. அந்த மட்டில் ஆண்டவர் தம் பங்கை முன்பே ஆரம்பித்துவிட்டார் என்று வை.

இங்கே மற்றவர்கள் நலம். அத்தானுக்கு முதுகுவலி வருவதும் போவதுமாக இருக்கிறது; ஏணியில் ஏறாதீர்கள் என்றால், ஏறாமல் எந்த எலக்ட்ரீஷியன் பிழைத்தான் என்கிறார். பெரியவளுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. சின்னவளுக்கு வாய் நீண்டுவிட்டது, யாரைப் போல் என்று நான் எழுத வேண்டியதில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. ஊர் வீட்டுக்கெல்லாம் ஒயர் இழுக்கிற மனிதருக்குத் தன் வீட்டுக் குழாய் கண்ணில் படாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். வரிசையாக வந்தால்தான் எனக்குக் கணக்கு நிற்கும்.

கூடத்துக்கென்று எல்லோரும் சேர்ந்து வாங்கிய கிட்டார் உன் பொறுப்பில் இருந்தது. நீ வேலைக்காக வெளிநாடு கிளம்புவதற்கு முன்னால், கடைசிக் கூட்டம் முடிந்ததும் அதை வாத்திய அறையில் வைத்து, பூட்டி, சாவியைச் சீப்பிடம் கொடுத்தாய். மறுவாரம் கிட்டார் இல்லை. அவள் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன் என்று அவன் கூட்டம் நடுவில் மேடையில் நின்று சொன்னான். நீ பிரார்த்தனைக்கூடத்துப் பொருளையே திருடினவள் என்று ஆகிவிட்டது. பாட்டுக் குழுவிலிருந்து உன் பெயரை எடுத்தார்கள், அந்த இடத்தில் அவனை உட்கார வைத்தார்கள். உன்னை வழியனுப்ப நாங்கள் நாலு பேரைத் தவிர ஒருவரும் வரவில்லை. நீ அழவில்லை. நான் அழுதேன், அதுவும் உனக்காக இல்லை. அவன் கழுத்தைப் பிடிக்க முடியவில்லையே என்று.

அதற்குப் பிறகு, கல்யாணமும் முடித்த பின்னால், அவன் ஒரு கறுப்புக் கிட்டாரோடு வந்தான். பழசாக வாங்கி வண்ணம் அடித்தது என்றான். சத்தம் என்றால் சத்தம், எவர்சில்வர் தட்டைச் சிமெண்டுத் தரையில் போட்ட மாதிரி. கடையில் இருப்பதிலேயே கனமான, மஞ்சள் பளபளப்பான கம்பியைத்தான் போடுவான். தானே வாங்குவான், தானே மாற்றுவான், வேறு யாரையும் தொடவிட மாட்டான். பெரிய வாசிப்புக்காரனுக்கு இப்படி ஒரு செருக்கு இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நீ போன பிறகு நான் கிட்டார் கம்பி மாற்றப் பழகியது உனக்குத் தெரியும். பெரியவளுக்கு வாங்கிக் கொடுத்த கிட்டாரில் கைப்பேசி வீடியோவைப் பார்த்துப் பார்த்து, இரண்டு கம்பியை அறுத்து, ஒரு முறை கன்னத்திலும் வாங்கி, ஒரு வழியாகக் கற்றுக்கொண்டேன். இப்போது கூடத்தில் யாருக்குக் கம்பி போனாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். சீப்பைத் தவிர.

ஆண்டுவிழாவுக்கு முந்தின வாரம் அவன் மனைவி வந்தாள். அவள் உனக்குத் தெரியாதவள். நீ போன பிறகு கல்யாணமாகி வந்தவள். நல்ல பெண். தோளில் கறுப்புப் பை. "அவர் வேலை விஷயமா வெளியூர் போயிருக்கார்க்கா. நேரா கூட்டத்துக்குத்தான் வருவார். இதுல ஒரு கம்பி அறுந்து கிடக்கு. வந்து பார்த்து என்கிட்ட எரிஞ்சு விழுவார். நீங்க எல்லாத்தையும் புதுசா மாத்திக் கொடுத்துட்டா சந்தோஷப்படுவார்" என்றாள். புருஷனைச் சந்தோஷப்படுத்த அந்தப் பெண் நேராக நம் வீட்டுக்கே அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள் பார், இதை நான் தற்செயல் என்று சொல்ல மாட்டேன். நான் பிரார்த்தனை செய்கிறவள்.

அவள் போனதும் பழைய கம்பிகளைக் கழற்றினேன். உள்ளே தூசி இருக்கும் என்று துணியைச் சுற்றி, வட்டத் துளை வழியாகக் கையை நுழைத்தேன். அடிப்பக்கம் ஏதோ தடுக்கியது. கட்டை மாதிரி, ஆனால் கட்டை இல்லை. சின்னவளின் கைக்கண்ணாடியை உள்ளே விட்டு டார்ச் அடித்தேன். மரத்தின் மேல் கறுப்பு எண்கள் தலைகீழாகத் தெரிந்தன.

நம் பெரியவளுடைய மர ஸ்கேல். ஒரு நாள் உன் பொறுப்பில் இருந்த கூடத்துக் கிட்டார் ஸ்டாண்டோடு விழுந்து முகப்பலகையில் கீறல் விட்டபோது, உன் அத்தான் அவளுடைய உடைந்த ஸ்கேலை நறுக்கி உள்பக்கமாக ஒட்டினாரே, அது. அவள் என் ஸ்கேல் என்று வீட்டையே இரண்டாக்கினாளே, அது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்ன செய்யலாம் என்று தோன்ற ஆரம்பித்தது, நிற்கவே இல்லை.

அத்தான் வந்ததும் காட்டினேன். அவர் தம் ஒட்டுவேலையை முதலில் பாராட்டிக்கொண்டார். பிறகு முகம் மாறி, இப்போதே தலைவர் வீட்டுக்குப் போவோம், நாலு சுவருக்குள் பேசி முடிப்போம் என்றார். நான் மாட்டேன் என்றேன். "என் தங்கச்சியத் திருடின்னு சொன்னது நாலு சுவருக்குள்ளயா சொன்னாங்க?" என்று கேட்டேன். பழிவாங்குவதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார், அது உன் வேலை இல்லை என்றார் அவர். சரி, அது என் வேலை இல்லைதான். கம்பி மாற்றுவது என் வேலை. அதைச் செய்கிறேன் என்றேன். அவர் எடுத்த வண்டிச் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார். என்னோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவர்.

என்னென்ன செய்யலாம் என்று யோசித்தேன், உன்னிடம் மறைக்க மாட்டேன். ஒரு கம்பியைப் பாதி அராவி விட்டால் பாட்டு நடுவில் பட்டென்று போகும். ஆனால் கம்பி அறுந்தால் எல்லோரும் ஐயோ பாவம் என்பார்கள். அவனைப் பார்த்து யாருக்கும் பாவம் என்று தோன்றவே கூடாது. சுருதியைக் கலைத்துவிட்டால் ஒரு நிமிஷத்தில் திருகிச் சரிசெய்துகொள்வான். கொடுக்காமலே வைத்துக்கொண்டால் நான்தான் திருடி, அக்காவும் தங்கையும் ஒரே குட்டையில் ஊறினவர்கள் என்பார்கள்.

அப்புறம்தான் புரிந்தது, அவன் ஏன் எப்போதும் அந்தக் கனத்த மஞ்சள் கம்பியையே போட்டான் என்று. மேலே கறுப்பு வண்ணம் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. குரலுக்கு என்ன அடிப்பது? அந்தக் கம்பிதான் அவன் குரலுக்கு அடித்த வண்ணம். அதைச் சுரண்டி எடுத்தால் போதும். மிச்சத்தைக் கிட்டாரே சொல்லும்.

நீ எப்போதும் போடுவது உள்ளே பட்டு நூல் வைத்துச் சுற்றிய மெல்லிய கம்பி. அதைத் தேடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் மஞ்சள் வெண்கலக் கம்பியை எடுத்தார்; அது வேண்டாம் என்றேன். அடுத்து சிவப்புச் சாயல் உள்ளதைக் காட்டி, இது இதமாகக் கேட்கும், நாளும் உழைக்கும் என்றார். அவர் சொன்னது உண்மைதான், பெரியவள் கிட்டாருக்கு நான் போடுவது அதுதான். ஆனால் அது உன் குரல் இல்லை. பட்டு நூல் வைத்தது என்று கேட்டதும், "யாருக்கும்மா, கத்துக்கிற பிள்ளைக்கா?" என்றார். இல்லை, பெரிய கூட்டத்தில் வாசிக்கிறவருக்கு என்றேன். "அப்ப இது சரிப்படாதும்மா. ரொம்ப மெதுவாப் பேசும். அழுத்தி அடிச்சா கடகடன்னு தட்டும்" என்றார். அதுதான் வேண்டும், மெதுவாகப் பேசினால் போதும், கேட்கவேண்டியவர்களுக்குக் கேட்கும் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, மேல் தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பொறுமையாகப் போட்டேன். கனத்த கம்பி இத்தனை வருஷம் இழுத்ததில் முகப்பலகை கொஞ்சம் உப்பியிருக்கிறது. கழுத்து வளையாமல் உள்ளே பிடித்திருக்கும் இரும்புக் கம்பியின் திருகைச் சிறிது தளர்த்த வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாக முறுக்கி, இழுத்துவிட்டு, மறுபடி முறுக்கினேன். ஐந்தாவது கம்பியை விரலால் தொட்டேன். அந்தச் சத்தத்துக்கு அடியில் ஒரு முனகல் வந்தது. கீறல் விட்டு ஒட்டின பிறகு வந்த அதே முனகல். தூங்கப்போகிற குழந்தை மாதிரி இருக்கிறது என்பாயே, அது. பக்கத்து அறையிலிருந்து பெரியவள் "யாரும்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். என்ன வாசிக்கிறாய் என்று கேட்கவில்லை பார், யார் என்று கேட்டாள். அப்போதே அவன் கதை முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

ஆண்டுவிழாவன்று அவன் பயணப் பெட்டியோடு நேரே கூடத்துக்கு வந்தான். அவன் மனைவி என்னிடம் வாங்கிப்போன கிட்டார் மேடையில் ஸ்டாண்டில் இருந்தது. மனைவி ஏதோ காதில் சொன்னாள், சிரித்துத் தலையாட்டினான். யார் மாற்றியது என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. மைக் முன்னால் உட்கார்ந்து, சீப்பை எடுத்து இருக்கிற நாலு முடியை ஒதுக்கிவிட்டு, அந்தத் தொடக்கப் பாட்டுக்கு, அதாவது நீ எப்போதும் வாசித்துத் தொடங்கி வைத்த உன் பாட்டுக்கு, ஓங்கி ஒரு அடி அடித்தான்.

கடகடவென்று தட்டியது. கடைக்காரர் சொன்ன மாதிரியே. அவன் முகம் சுண்டிவிட்டது. பாடுகிற பெண்கள் ஆரம்பித்துவிட்டார்கள், இனி நிறுத்த முடியாது. அந்தக் கம்பியில் அடிக்க முடியாது தெரியுமா, தடவத்தான் முடியும். கம்பியை அடிக்கக் கையில் வைத்திருந்த பிளாஸ்டிக் பிக்கைப் போட்டுவிட்டு விரலால் மீட்டினான். எப்படி மீட்டினான் என்றால், உன்னைப் போல் மீட்டினான். வேறு எப்படியும் அந்தக் கம்பி விடாது. ஐந்தாவது கம்பி வந்தது. முனகல் வந்தது. மைக் அதைத் தூக்கிக் கூடம் முழுக்கக் கொடுத்தது.

தையல்கார அக்கா கண்ணைத் திறக்கவே இல்லை. மூடின கண்ணோடு, எல்லோருக்கும் கேட்கும்படி, "தங்கச்சி வந்துட்டாளா?" என்றாள்.

பாதிப் பேர் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தானும் தன் பக்கத்தில் பார்த்தார், அது எனக்கே தாங்கவில்லை. ஒரு கணம் நானும் திரும்பிவிட்டேன்.

பாட்டு தானாக நின்றது. நான் எழுந்தேன். தலைவரைப் பார்த்து, "பெரியவரே, என் தங்கச்சி வரல. அவ வாசிச்ச கிட்டார்தான் வந்திருக்கு. உள்ள பாருங்க, அதுவே சொல்லும்" என்று கைக்கண்ணாடியை நீட்டினேன். சீப்பு எழுந்து, என்ன இது ஆராதனை நேரத்தில், குடும்பச் சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றான். தலைவர் அவனைத் தாண்டிப் போனார். மேடை ஏறி, கண்ணாடியை உள்ளே விட்டு, வங்கிக்காரரின் கைப்பேசி வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். பிறகு எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தார். ஆண்டவர் வார்த்தையை வாசிக்கிற அதே குரலில் வாசித்தார்.

கிட்டார் விழுந்த அன்று நீ சும்மா இருந்தாயா? கிட்டார் விழுந்துவிட்டது, ஸ்கேல் வைத்து ஒட்டியிருக்கிறோம் என்று நீயே போய் அவரிடம் சொல்லிவிட்டு வந்தாய். எதற்கு இந்த அரிச்சந்திர வேலை என்று நான் அன்றைக்குத் திட்டினேன். அதுதான் இப்போது சாட்சியாக நின்றது. தலைவர் நிமிர்ந்து, "ஸ்கேல் வெச்சு ஒட்டினா இனிமே சுருதி இம்மி தப்பாதுன்னு நான் அந்தப் பொண்ணுகிட்டச் சிரிச்சேனே" என்றார்.

சீப்பு விடவில்லை. கடையில் வாங்கினேன், கடைக்காரன் எங்கே வாங்கினானோ என்றான். எந்தக் கடை, எப்போது என்று நான் கேட்டேன். போன மூன்று நாலு வருஷத்துக்குள் என்றான். பாவம், அவன் மனைவி. அவனைக் காப்பாற்றத்தான் வாயைத் திறந்தாள். "இல்லைங்க, நீங்க மறந்துட்டீங்க. ஆறு வருஷம் முன்னாடி நான் கல்யாணமாகி வந்தப்பவே பரண் மேல இருந்துச்சே. வண்ணம் அடிக்கக் கொடுக்கணும்னு நீங்கதானே இறக்கினீங்க" என்றாள். சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. சின்னவள் என் காதோரம், "அம்மா, அவரு இப்ப தலை வாருவாரா?" என்று கேட்டாள். கிள்ளினேன். ஆனால் மெதுவாகத்தான் கிள்ளினேன்.

அவன் போனான். உன் மேல் பழி போட்ட அதே மேடையிலிருந்து, அதே படியில் இறங்கி, எல்லோரும் பார்க்கப் போனான். எனக்கு எப்படி இருந்தது என்று கேட்பாய். இரக்கமாக இருந்தது என்று எழுதினால் நீ என்னை மெச்சுவாய், ஆனால் பொய். எனக்கு வயிறு குளிர்ந்தது. வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

கடிதத்தைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். குழாய் இன்னும் ஒழுகுகிறது. இப்போது தொடர்கிறேன், இனிதான் முக்கியமானது.

நேற்று தலைவரும் மற்றவர்களும் வீட்டுக்கு வந்தார்கள். தலைவர் உட்கார மறுத்துவிட்டார். உன் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டே பேசினார். சீப்பு ஒப்புக்கொண்டானாம். குழுவில் உனக்கு இருந்த மதிப்பு பொறுக்காமல் செய்தேன், பிறகு திருப்பி வைக்க வழி தெரியவில்லை என்றானாம். மன்னிப்புக் கடிதம் எழுதித் தருகிறானாம். தலைவர் சொன்னது இது: தங்கை மன்னித்தால் கடிதத்தோடு முடித்துக்கொள்வோம், அவன் குழுவில் ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும், அவள் மன்னிக்கவில்லை என்றால், அவன் கூட்டத்தின் நடுவில் நின்று தன் வாயால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு விலக வேண்டும். எது என்று நீதான் எழுத வேண்டுமாம்.

அவன் மனைவியும் தனியாக வந்தாள். அழவில்லை. அவரை விட்டுவிடச் சொல்லுங்கள் என்று கேட்பாள் என்று நினைத்து வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்டது, உன் விலாசம். உனக்கு எழுத வேண்டுமாம். கொடுக்கவில்லை. தங்கையைக் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றேன். அவள் விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் குத்துகிறது. அவள் நம்பிக் கொண்டுவந்ததை நான் பயன்படுத்திக்கொண்டேன். ஆனால் வேறு வழி கொடுத்தால் அதைச் செய்வேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். செய்ய மாட்டேன்.

தங்கம், உன் மனசு எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை மடிப்பதற்குள், போகட்டும்க்கா என்று எழுதிவிடுவாய். அவசரப்படாதே. ஆண்டவர் மன்னிக்கட்டும், அவருக்கு நிறைய நேரம் இருக்கிறது. நீ ஒரு நாள் பொறுத்து எழுது. கூட்டம் நடுவில் நின்று அவன் உன்னைத் திருடி என்றான். அதே இடத்தில் நின்று, திருடினவன் நான் என்று சொல்லட்டும். அதை நம் பிள்ளைகள் காதால் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு நீ எவ்வளவு வேண்டுமானாலும் மன்னித்துக்கொள், நான் தடுக்க மாட்டேன்.

கிட்டார் இப்போது நம் வீட்டில் இருக்கிறது. நீ வரும்வரை இங்கேயே இருக்கட்டும் என்றார் தலைவர். நீ பதில் எழுதும்வரை என்று சொல்ல வந்து, வாய் தவறி அப்படிச் சொன்னார். நான் திருத்தவில்லை.

மேடையில் அவன் விரல் பட்ட கம்பிகளைத் துடைத்துப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. ஆறையும் கழற்றிப் போட்டுவிட்டேன். அத்தான் புதுக் கம்பியா என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் காதில் வாங்கவில்லை. கறுப்பையும் சுரண்டி எடுத்துத் தருவதாக ஒரு மரவேலைக்காரர் சொல்லியிருக்கிறார்.

இப்போது நீதான் சொல்ல வேண்டும். அங்கே போன பிறகு நீ வாசிக்கவே இல்லை என்று உன் தோழி சொன்னாள். பிறர் வீட்டுப் பாத்திரமும் துணியும் தேய்த்து உன் விரல் நுனி இப்போது எப்படி இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. காய்ப்பெல்லாம் போய் மெத்தென்று ஆகியிருந்தால் நீ முன்பு போட்ட கம்பியின் கனம்கூட வலிக்கும். அதைவிட மெல்லியதும் இருக்கிறது, கடைக்காரரிடம் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். விரலை அழுத்திப் பார்த்து எழுது. எந்தக் கம்பி, எந்த மாதத்துக்குள் போட்டு வைக்க வேண்டும், இரண்டையும் எழுது. ரொம்ப நாள் கம்பியில்லாமல் வைத்தால் கழுத்துக்கு நல்லதில்லை.

ஆண்டவர் உன் கூடவே இருப்பார். சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அக்கா